மண்டபத்துக்குப் போக இவ்வளவு குதிரை எதுக்கு? – என் ஆக்டேவியா ஆர்எஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் வந்த நாளிலிருந்து பெட்ரோல் பங்கில், டீக்கடையில், கல்யாண வீட்டு வாசலில் ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிட்டால் கேட்பவர்களுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி: மெக்கானிக்கல் படித்தவன். விசைப்படகு இன்ஜின்களையும் ஐஸ் கம்பெனி கம்ப்ரசர்களையும் பழுது பார்ப்பது தொழில். வீடு ராமநாதபுரம் டவுனில், வேலை பெரும்பாலும் கடலோர ஊர்களான மண்டபத்திலும் பாம்பனிலும். கார், 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230. 2021இல் கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

பாத்தா சாதாரண ஸ்கோடா மாதிரிதானே இருக்கு. இதுல என்ன விசேஷம்?

அப்படித் தெரிவதுதான் முதல் விசேஷம். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 230 பிஎஸ் (குதிரைச் சக்தி), 350 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 6.8 நொடி என்பது கம்பெனி கணக்கு. இதெல்லாம் ஒரு ஐந்து பேர் குடும்பக் காருக்குள் இருக்கிறது. 590 லிட்டர் டிக்கியில் ஐஸ் கம்பெனிக்கான கம்ப்ரசர் ஸ்பேர் முழுசும் அடங்கிவிடும்.

டிக்கியோடு பின் கண்ணாடியும் சேர்ந்து தூக்கிக்கொள்வதால் "இது செடானே இல்லை" என்று வாதாட ஒரு கூட்டம் இருக்கிறது. உண்மைதான், இலக்கணப்படி இது லிஃப்ட்பேக். ஆனால் கல்யாண வீட்டில் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

இன்ஜினியர்னு சொல்றீங்க, கணக்குப் பாக்கத் தெரியாதா? கொஞ்சம் சேத்துப் போட்டு ஃபார்ச்சூனர் வாங்கியிருக்கலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. ஃபார்ச்சூனர் நல்ல வண்டி. மழையில் சேறாகிவிட்ட கண்மாய்க் கரையில் போக வேண்டியிருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் அது லாரி மாதிரி இரும்புச் சட்டத்தின் மேல் பாடி ஏற்றிய வண்டி. எடை இரண்டு டன்னைத் தாண்டும், ஆள் உட்காரும் இடமும் உயரம். என்னுடையது ஒன்றரை டன்னுக்குள், தரையோடு தரையாக. வளைவில் திரும்பும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இடுப்பு சொல்லிவிடும்.

கல்லூரியில் படித்த காலத்தில் மதுரையில் பழைய ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்றைப் பார்த்தேன். 1.8 லிட்டர் டர்போ, 150 பிஎஸ். டவுன்ஹால் ரோட்டில் நின்றிருந்த அதைச் சுற்றி வந்து, குனிந்து சைலன்சர் வரை பார்த்துவிட்டு பஸ்ஸைத் தவற விட்டேன். கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது.

மைலேஜ் என்னா குடுக்கும்?

ஊருக்குள் 8, 9. மதுரை போய் வந்தால் 13. காலை அழுத்தினால் கேட்காதீர்கள்.

அண்ணே, 200 போகுமாண்ணே?

போகும். கம்பெனி 250 என்கிறது. நான் போனதில்லை, போக மாட்டேன். நடுவில் தடுப்பு வைத்த நான்குவழிச் சாலையில் காருக்கு 100 கி.மீ.தான் வரம்பு, மற்ற ரோடுகளில் 70. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறும்: 80இல் போகிற காரைவிட 120இல் போகிற காரை நிறுத்த இரண்டேகால் மடங்கு வேலை பிரேக்குக்கு. நம் ரோட்டில் குறுக்கே வருவது ஆடு, மயில், சைக்கிளில் குடம் கட்டிய ஆள். பங்குனி, சித்திரையில் பாதி ரோடு முண்டு மிளகாய் காயப்போட்ட களம்.

வேகம் பார்க்கணும் என்றால் அதற்கான இடம் கோவை செட்டிபாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ரேஸ் டிராக். ஒரே ஒரு தடவை போனேன். ஐந்தாவது சுற்றிலேயே எனக்குத் தெரிந்தது, காருக்கு இருக்கிற திறமையில் பாதிகூட எனக்கு இல்லை.

அப்ப 230 குதிரைய வச்சு என்ன பண்றீங்க?

முந்துகிறேன். மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்குவழி, அங்கிருந்து நம் ஊர் வரை இருவழி. இந்த 46.7 கி.மீ.யையும் நான்குவழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை முடிகிற வரை ராமேசுவரம் டூரிஸ்ட் பஸ்ஸுக்கும் கரி ஏற்றிய லாரிக்கும் பின்னால் வரிசைதான். முந்தும்போது எதிர்ப்பக்க ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு நொடியும் ஆபத்து. 50இலிருந்து 80க்கு இந்தக் கார் கண் சிமிட்டும் நேரத்தில் ஏறும், ஏறிய வேகத்தில் நம் பக்கத்துக்கு வந்துவிடலாம். சக்தி பத்திரத்துக்கும் உதவும் என்று நான் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். சரி, பாதிதான் உண்மை. மீதி சந்தோஷம்.

தம்பி, எங்க போட்டுலயும்தான் டர்போ இருக்கு. அப்ப அதுவும் ஸ்போர்ட்ஸ் போட்டா?

பாம்பனில் ஒரு படகு டிரைவர் அண்ணன் கேட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. தத்துவம் ஒன்றுதான்: வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். காற்று கூடினால் எரிபொருள் கூட எரிக்கலாம். ஆனால் படகு இன்ஜின் ராத்திரி முழுக்க ஒரே ஆர்பிஎம்மில் மடி வலையை இழுக்கச் செய்தது. கார் இன்ஜினுக்கு நொடிக்கு நொடி வேலை மாறும். இதில் முழு டார்க்கும் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும், 4,600 வரை குறையாது. அதனால்தான் முந்தும்போது யோசிக்காமல் பாய்கிறது.

இன்னொரு சங்கதி, இதைச் சொன்னதும் அந்த அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். படகு இன்ஜினில் புகை வெளியேறும் மேனிஃபோல்டைச் சுற்றித் தண்ணீர் ஓடும், இல்லாவிட்டால் இன்ஜின் அறை அடுப்பாகிவிடும். ரொம்ப காலமாக இருக்கும் ஏற்பாடு. என் காரின் இன்ஜினுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஈஏ888, மூன்றாம் தலைமுறை. அதில் இந்த மேனிஃபோல்டையே சிலிண்டர் ஹெட்டுக்குள் ஒன்றாக வார்த்து, சுற்றிலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓட விட்டிருக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் செய்தால் புகையின் சூட்டை வாங்கிக் கூலன்ட் சீக்கிரம் வெதுவெதுப்பாகும். முழுச் சுமையில் அதே கூலன்ட் புகையின் சூட்டைக் குறைக்கும், டர்போவைக் காப்பாற்றப் பெட்ரோலை அதிகம் ஊற்றிக் குளிர வைக்கும் தேவையும் குறையும். ஒரே வார்ப்பு, இரண்டு வேலை. என்னைக் கவிழ்த்தது இந்த மாதிரி சமாச்சாரங்கள்தான். அண்ணன் சொன்னது: "அப்ப எங்ககிட்டேருந்து சுட்டுட்டான்னு சொல்லு."

கியர் தானா மாறுதாமே. அப்புறம் ஓட்டுறதுல என்ன சுகம் இருக்கு?

எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. உள்ளே இருப்பது டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச். 1, 3, 5 ஒரு கிளட்சில். 2, 4, 6 இன்னொன்றில். மூன்றாவதில் போகும்போதே நான்காவது தயாராக மாட்டி நிற்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, இழுவை அறுபடாமல் கியர் மாறிவிடும். ஸ்டீயரிங் பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு லீவர் உண்டு, நாமே மாற்றிக்கொள்ளலாம். சுகம் போகவில்லை, இடது காலிலிருந்து விரலுக்கு வந்துவிட்டது.

கிளட்ச் இரண்டும் எண்ணெயில் ஊறியபடி ஓடும். அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் 60,000 கி.மீ.க்கு ஒரு தடவை மாற்றியே ஆகணும். பழைய கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த பில்லை.

வேகத்தடையில அடி தட்டாதா?

தட்டும். தரைக்கும் வயிற்றுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறுகிற மாதிரி சாய்த்து ஏற்றணும். திருவிழாவுக்காக ஊர்க்காரர்களே மண்ணும் ஜல்லியும் கொட்டிப் போட்ட தடைகள்தான் பயம். கீழக்கரை பக்கம் ஒன்றில் ஆட்களை இறக்கிவிட்டுத் தாண்டியிருக்கிறேன். மாமியாரும் இறங்கினார். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

டயரு இவ்ளோ மெல்லிசா இருக்கே, கருவேல முள்ளு ஏறாதா?

ஏறாமலா? அளவு 225/40 ஆர்18. பக்கச் சுவர் உயரம் 225இல் 40 சதவீதம், 90 மில்லிமீட்டர்தான். பள்ளத்தில் விட்டால் சுவரில் புடைப்பு வரும், அப்புறம் டயரையே மாற்ற வேண்டியதுதான். முள் விஷயம் வேறு. வெட்டிய சீமைக் கருவேலத்தைக் கரிமூட்டத்துக்கு ஏற்றிப்போகும் டிராக்டர் போன வழியெல்லாம் முள்ளை உதிர்த்துவிட்டுப் போகும். அது டயருக்குள் ஏறி ஒடிந்து நிற்கும். டியூப்லெஸ் என்பதால் உடனே தெரியாது, மூன்று நாளில் காற்று பாதியாகிவிடும்.

சத்திரக்குடி தாண்டி இளநீருக்காக ரோட்டோரம் இறக்கி நிறுத்தினேன். ஒரே டயரில் நான்கு முள். அன்றிலிருந்து தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. டிக்கியில் பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் எப்போதும் இருக்கும்.

உப்புக் காத்துல துரு புடிச்சிராதா? கடலோரத்துல இப்படி ஒரு வண்டிய யாராவது வாங்குவாங்களா?

இதுதான் உண்மையான கேள்வி. இந்த ஊரில் இந்தக் காருக்கு எதிரி உப்புதான். நம் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி வேண்டுமா? காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருப்பிடிப்பைச் சோதிக்க மண்டபத்திலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. இரும்பைச் சீக்கிரம் கெடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். நாம் காரை வைக்கிறோம்.

நடப்பது இதுதான். அலை உடையும்போது எழும் நீர்த்துளி காய்ந்து உப்புத் தூளாகக் காற்றில் வரும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழையே வேண்டாம். சமையலறை உப்பு ஜாடி கசிகிறதே, அதேதான். ராத்திரி முழுக்க காரின் அடியில் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் ஒரு ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் சக்கர இடுக்கு வழியாகப் பார்த்தால் பிரேக் டிஸ்க் செம்மண் பூசிய மாதிரி இருக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம், நாலு பிரேக்கில் போய்விடும். பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடங்கள்: ஏசி கண்டன்சரின் அலுமினியத் தகடுகள், டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், வயர் கனெக்டர், பிரேக் காலிப்பர் பின். பாடிக்குத் துத்தநாகம் பூசிய ஸ்டீல் என்பதால் இதுவரை தகரத்தில் துரு இல்லை.

பாக்கி எல்லாம் தண்ணீர் பிரச்சினை. கழுவினால் உப்பு போகும், ஆனால் எதில் கழுவுவது? எங்கள் தெரு போர்த் தண்ணீரில் கழுவினால் ஒரு உப்பை எடுத்துவிட்டு இன்னொன்றைப் பூசியதாகும். காய்ந்ததும் கறுப்புப் பெயின்ட்டில் வெள்ளை வட்டம் வட்டமாக நிற்கும். காவிரிக் குடிநீரில் கழுவலாமா? குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துப் பெண்கள் தள்ளிக்கொண்டு போகிற தெருவில் குழாயைத் திறந்து காரைக் குளிப்பாட்ட மனசு வராது, வந்தாலும் ஊர் விடாது. அதனால் மழைநீர்த் தொட்டிதான். கடைசி அலசலுக்குப் படுக்கையறை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். அது காற்றிலிருந்து குளிர்ந்து வந்தது, உப்பே இல்லை. ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி கிடைக்கும். வாரம் ஒரு தடவை அடிப்பகுதிக்குப் பம்ப் வைத்து அடிப்பேன், மேலே ரெண்டாம்பட்சம். கவர் போட்டு மூடச் சொல்லாதீர்கள். ஈரமும் மணலும் உள்ளே மாட்டிக்கொண்டு உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஆக்கிவிடும்.

இன்னொரு ரகசியம்: நான் மண்டபத்துக்கு வேலைக்குப் போவது பெரும்பாலும் ஸ்ப்ளெண்டரில்.

தனுஷ்கோடி ரோட்டுல ஒரு தடவ விட்டுக் காட்டுங்களேன், ரீல்ஸ் போடலாம்?

அக்கா மகன் வாரா வாரம் கேட்பது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையான ரோடு திறந்தது 2017 ஜூலை, என் கார் மாடலும் அதே வருஷம். பொருத்தம் அவ்வளவோடு சரி. ரெண்டு பக்கமும் கடல், மேலே சொன்ன உப்பு அங்கே நேரடியாக முகத்தில் அடிக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் பாம்பு மாதிரி ரோட்டைக் குறுக்கே கடந்து ஊரும். பார்க்க அழகு. முன்சக்கரத்தில் இழுக்கிற காருக்கு அந்த மணல் மேல் 350 நியூட்டன் மீட்டரைக் கொடுத்தால் சக்கரம் சுற்றும், வண்டி போகாது. அல்லது போகக்கூடாத பக்கம் போகும்.

அப்புறம் அங்கே வேனை நிறுத்திவிட்டு நடுரோட்டில் போட்டோ எடுக்கிற குடும்பங்கள், மீன் பொரிக்கிற கடைகள், ஓடி வருகிற பிள்ளைகள். போனால் 40இல் போவேன், விடிவதற்கு முன்னால் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவேன். வந்ததும் முதல் வேலை கழுவுவது. பாம்பன் ரோட்டுப் பாலத்திலும் இதே கதை. 1988இல் திறந்த பாலம், இரண்டேகால் கி.மீ.க்கு மேல் நீளம், ஒவ்வொரு இணைப்பையும் கடக்கும்போது இந்த விறைப்பான சஸ்பென்ஷன் தடக் தடக் என்று முதுகில் எண்ணிச் சொல்லும்.

என்ன பெட்ரோல் போடுறீங்க? ஈ20 போட்டா இன்ஜின் போயிருமாமே?

இந்த இன்ஜின் கேட்பது 95 ஆக்டேன். முன்பு சாதாரண பெட்ரோல் 91 என்பதால் பிரீமியம் தேடி அலைந்தேன். ஆக்டேன் குறைந்தால் பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து இன்ஜினைத் தட்டும், அதுதான் நாக்கிங். நாக் சென்சார் தீப்பொறியைப் பின்தள்ளி இன்ஜினைக் காப்பாற்றிவிடும், ஆனால் சக்தி குறையும். இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கான தரமே 95. எத்தனாலுக்கு நாக்கிங் தாங்கும் குணம் இயல்பாகவே உண்டு, அந்த வகையில் டர்போவுக்கு நல்லதுதான்.

கெட்டது வேறு பக்கம். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால் ஈ20இல் ஆறேழு சதவீதம் மைலேஜ் போகும். 2017 கார் ஈ20ஐ மனதில் வைத்துச் செய்ததல்ல என்பதால் ரப்பர் ஹோஸ்களை வருஷா வருஷம் கழற்றிப் பார்க்கிறேன். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வாரக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை முழுசாக வைத்துவிடுவேன், உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் கிடைக்காது. டீசல் டேங்கில் தண்ணீர் இறங்கி நடுக்கடலில் நின்ற படகுகளைப் பார்த்தவனுக்கு இது பழக்கம்.

சர்வீஸுக்கு மதுரை வரைக்கும் போகணுமா?

ஆமாம், போக வர 230 கி.மீ. அடிக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை என்பதால் அலுக்கவில்லை. இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக் பேட் எல்லாம் வீட்டிலேயே. ஒரு தடவை ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் ஃபில்டர் மாற்றியதாக பில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து திறந்தால் நான் மார்க்கர் வைத்துத் தேதி எழுதியிருந்த பழைய ஃபில்டரே உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கம்ப்யூட்டர் மாட்ட வேண்டிய வேலைக்கு மட்டும்தான் வெளியே.

ரீமேப் பண்ணா 300 குதிரை வருமாமே? ஏன் இன்னும் பண்ணல?

ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதுவது. வரும் என்கிறார்கள், பக்கத்தில் வரக்கூடும். நான் செய்யாததற்குக் காரணம் பயமில்லை, கணக்கு. இந்த டிஎஸ்ஜி கியர்பாக்ஸைக் கம்பெனி வகுத்த அளவே 350 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான், கார் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. அடுத்து நம் ஊர் வெயில். 15 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைவு. இன்டர்கூலருக்கும் குளிர்விக்க அந்தச் சூடான காற்றுதான். ஜெர்மன் குளிரில் எழுதிய 300, மே மாத உச்சிப்புளியில் 300 ஆக இருக்காது. சட்டமும் இருக்கிறது: கம்பெனி தந்த தன்மையை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு. சொல்லாமல் செய்தால் இன்சூரன்ஸ்காரர் விபத்து நாளில் ஞாபகப்படுத்துவார்.

காக்கா, துபாய்ல இதவிட நல்ல வண்டி சல்லிசா கெடைக்கும். கொண்டாந்துரலாமா?

கீழக்கரை நண்பனின் தம்பி கேட்டது (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம், இங்கே பதிய மாட்டார்கள். அதைத் தாண்டினாலும் சுங்க வரி காரின் விலையையே மிஞ்சும். அங்கேயே ஓட்டிவிட்டு போட்டோ அனுப்பு தம்பி.

இப்ப புதுசா வாங்குறதுன்னா எதப் பாக்கலாம்?

ஆர்எஸ்ஸே வேண்டும் என்றால் அதிர்ஷ்டம் வேண்டும். 2020இல் வந்த ஆர்எஸ் 245 மொத்தம் 200. 2025 அக்டோபரில் 265 பிஎஸ்ஸோடு வந்தது வெறும் 100, ஷோரூம் விலையே 50 லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் குறைவு. நம் ரோட்டுக்கும் நம் பர்ஸுக்கும் வோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜிடி, இல்லாவிட்டால் அதே 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் உள்ள ஸ்கோடா ஸ்லாவியா. 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர், வயிறும் தரையிலிருந்து நன்றாகவே உயரம். மாமியாரை இறக்கிவிட வேண்டியதில்லை.

இவ்ளோ பயந்து பயந்து வச்சிருக்கறதுக்கு வாங்காமலே இருந்திருக்கலாம்ல?

இது என் மனைவி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறும், எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நான் திறக்கிற ஒவ்வொரு இன்ஜினும் உப்பில் தின்னப்பட்டது, யாரோ அவசரத்தில் கம்பி வைத்துக் கட்டியது. அதையெல்லாம் இன்னொரு பருவத்துக்கு ஓட வைப்பது என் வேலை, அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஞாயிறு காலையில் மழைத்தொட்டித் தண்ணீரை வைத்துக்கொண்டு இந்தக் காரின் அடியில் படுத்தால், ஒவ்வொரு போல்ட்டும் அதை வரைந்தவன் நினைத்த இடத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். அவள் டீயை டம்ளரோடு தரையில் உருட்டாத குறையாக வைத்துவிட்டுப் போவாள்.

விக்கிற ஐடியா இருக்கா? ரேட்டு சொல்லுங்க.

தடைக்காலம் முடியட்டும், ஜூன் 14க்கு அப்புறம் பேசலாம். மூன்று வருஷமாக எல்லாரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.